அடுப்பில் இல்லாத பால்

கோபால் ஒரு பிளாஸ்டிக் பையை எங்கள் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, அதைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் கண்ணாடியைச் சாய்த்து வைத்து முகம் மழித்துக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது. மறு கன்னத்தில் சோப்பு நுரை. நான் மூன்று பிள்ளைகளுக்கும் ரொட்டியில் காயா ஜாம் தடவிக்கொண்டிருந்தேன்.

பையை நான்தான் பிரித்துப் பார்த்தேன். உள்ளே நீளமான சவுரி, ஒரு டஜன் கண்ணாடி வளையல், பஞ்சு வைத்துத் தைத்த ரவிக்கை. ரவிக்கையைத் தைத்தவள் நான் என்பதால் உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"இனிமே நான் சேலை கட்ட முடியாதுண்ணே," என்றான் கோபால், காலண்டரிடம். "பொண்ணு வீட்டுல சொல்லிட்டாங்க."

"என்னா சொன்னாங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"மாப்ள சேலை கட்டுனா கல்யாணம் இல்லையாம்."

"இத நிச்சயத்துக்கு முன்னுக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"முன்னுக்கு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அவங்க ஊரு சுங்கை பாக்காப் வரைக்கும் என் படம் போட்டு போஸ்டர் ஒட்டிட்டு வந்தீங்க. மாமனாரு பாசார்ல நின்னு பாத்துட்டு, இந்தப் பொண்ணு லட்சணமா இருக்கே, யாருன்னு கேட்டிருக்காரு."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். பாதி முகம் நுரையோடு ஒருவர் முறைத்தால் அதற்கும் சேர்த்துத்தான் சிரிப்பு வரும்.

நாடகத்துக்கு இன்னும் ஏழே நாள். தமிழ்ப் பள்ளிக்கு மேசை நாற்காலி வாங்குவதற்காகப் போடுகிற நாடகம். டிக்கெட்டெல்லாம் விற்றாகிவிட்டது. கதாநாயகி கமலாவோ எங்கள் மேசைமேல் ஒரு பைக்குள் கிடந்தாள்.

நாடகக்காரர் வீடு

என் வீட்டுக்காரர் சண்முகம் துறைமுகத்தில் கிளார்க் என்பதை இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள். புதிதாக வருபவர்களுக்கும் அது போதும். அவர் நாடகம் போடுவார் என்று எப்போதோ ஒரு வரி எழுதிவிட்டு நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். ஈப்போவிலிருந்து ஒரு வாசகி, "அந்த நாடகம் என்னாச்சும்மா? ஆரம்பித்துவிட்டு இப்படி விட்டுவிடலாமா?" என்று கடிதம் எழுதியிருக்கிறார். நியாயமான திட்டுதான். வாங்கிக்கொள்கிறேன்.

பினாங்கில் கொம்தார் கட்டடம் பாதி வளர்ந்து நின்ற காலம் அது. பாலம் வரப்போகிறது என்று பேச்சு இருந்ததே தவிர, கடலில் ஒரு கல் விழவில்லை. தீவிலிருந்து அக்கரைக்குப் போக வேண்டும் என்றால் ஃபெர்ரிதான். நாங்கள் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் குடியிருந்தோம். எங்கள் வீட்டில் நான்கு பேர் சேர்ந்து நின்றால் ஐந்தாவது ஆள் கட்டில்மேல் ஏறிக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் உட்கார்ந்துதான் அவர் நாடகம் எழுதினார்.

ராமு அண்ணனின் அச்சகத்தில் சனிக்கிழமை தோறும் ஒத்திகை. காகிதக் கட்டுகள்தான் நாற்காலி. ராமு அண்ணன் குழுவுக்குத் தலைவர். குரல் நன்றாக இருக்கும், வசனம்தான் மனசில் நிற்காது. மற்றவர்களும் வேலை முடிந்து வருகிறவர்கள். பெண் வேஷத்துக்குப் பெண் கிடைக்காது. கோலாலம்பூரிலிருந்து வரவழைத்தால் பெண்ணோடு துணைக்கு ஒரு சித்தி வருவாள். சித்திக்குச் சாப்பாடு பிடிக்காது. ஆகவே கோபால்.

கோபாலுக்குப் பினாங்கு ஸ்ட்ரீட்டில் துணிக்கடை வேலை. நாள் முழுக்கப் பெண்களுக்குச் சேலையைத் தன் தோளில் போட்டுக் காட்டுகிறவன். கொசுவம் வைப்பதில் எனக்கே அவன் பாடம் எடுப்பான். அவன் இடுப்பை ஒடித்து நடந்தால் மண்டபம் விசில் அடிக்கும். பெண் பேசுகிற எதையும் அவன் கிறீச்சுக் குரலில் சொன்னால் போதும், ஆண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

எனக்கும் நாடகத்தில் வேலை உண்டு. வசனம் எடுத்துக்கொடுப்பது. திரையின் ஓரத்தில், ஆடியன்ஸுக்குத் தெரியாத இடத்தில், ஒரு முக்காலி. கையில் வசன நோட்டு, டார்ச் லைட். யாராவது திக்கினால் அடுத்த வார்த்தையைக் கிசுகிசுக்க வேண்டும். திக்கின பிறகு கொடுத்தால் பிரயோசனமில்லை. திக்கப் போகிறார் என்று முகத்தில் தெரியும்போதே கொடுத்துவிட வேண்டும். அதனால் நான் எல்லா வசனத்தையும் எல்லாருக்கும் அரை நொடி முன்னாலேயே வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். ராஜா வசனம், திருடன் வசனம், மாமியார் வசனம், எல்லாம். பல வருஷம் இப்படி ஓடியது. கைதட்டல் கேட்கும்போது டார்ச்சை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தேடப் போவேன்.

இறங்காத நாள்

கோபால் திருப்பிக் கொடுத்த அந்தக் கமலா யார் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு கிறுக்குத்தனத்தைச் சொல்ல வேண்டும்.

அக்கரையில் பிறை என்ற ஊரில் இருந்த என் தங்கை வீட்டுக்கு ஒருநாள் புறப்பட்டேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். தங்கைக்கு வடகமும் ஊறுகாயும் ஒரு பையில். ஃபெர்ரியில் ஏறி மேல்தளத்தில் உட்கார்ந்தேன். காற்று நன்றாக அடித்தது. அக்கரைத் துறை பட்டர்வொர்த் வந்தது. எல்லாரும் எழுந்து முண்டியடித்து இறங்கினார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தங்கையோடு சண்டை இல்லை. வீட்டில் சண்டை இல்லை. எழுந்து இறங்குகிற எல்லாருக்கும் போக ஓர் இடம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது, ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் ஒருத்தியின் அக்கா. திரும்பிப் போனால் மூன்று பேருக்கு அம்மா, ஒருவருக்குப் பெண்டாட்டி. இங்கே, நடுத்தண்ணீரில், நான் ஒன்றுமே இல்லை. அது எனக்குப் பயமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

மறுபடி தீவு வந்தது. மறுபடி பட்டர்வொர்த். இப்படி நான்கு நடை. ஃபெர்ரி ஆள் ஒருவர் வந்து, "எங்கம்மா போகணும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பிறகு பெரிய மழை பிடித்துச் சாரல் உள்ளே அடித்தது. அப்போது தீவுப் பக்கம் நின்றிருந்ததால் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊறுகாய்ப் பையோடு.

அன்று சாயங்காலம் இதை வீட்டுக்காரரிடம் வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவரும் சிரித்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு நோட்டைக் கொண்டுவந்து, "புது நாடகம், வசனத்தப் பாத்து வச்சுக்க" என்றார். முதல் பக்கத்தில் 'கமலா கரை இறங்கவில்லை' என்று எழுதியிருந்தது.

பால் வழக்கு

நாடகம் நன்றாகத்தான் இருந்தது. மனுஷனுக்கு எழுத வரும். கமலா ஃபெர்ரியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். நான் யாரு என்று கேட்கிறாள். ஒவ்வொருவராக ஏறிப் பதில் சொல்கிறார்கள். ஜோசியர் வந்து, நீ ரோகிணி நட்சத்திரம் என்கிறார். டாக்டர் வந்து, உனக்கு ரத்தம் கம்மி என்கிறார். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வந்து, நீதாம்மா உன் புருஷனுக்கு நாமினி என்கிறார். எல்லாரிடமும் கமலா ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்கிறாள்: "அது சரி, அதுக்கு அப்பறம்?" அந்த இடமெல்லாம் படிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது.

கடைசிப் பக்கத்தில்தான் எனக்கு மனசு சுருங்கியது. கடைசி ஃபெர்ரி. ஃபெர்ரி ஆள் வந்து, எங்கம்மா போகணும் என்று கேட்கிறார். கமலா நெற்றியில் அடித்துக்கொண்டு, "ஐயையோ, அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேனே!" என்று கத்திக்கொண்டு ஓடுகிறாள். சிரிப்பு. திரை.

ஒத்திகையில் முக்காலியிலிருந்து நான் வாயைத் திறந்தேன். முதல் தடவை.

"காலையில அடுப்புல வச்ச பால் பொழுது சாயற வரைக்கும் இருக்குமா? வீடே எரிஞ்சிருக்காதா?"

ராமு அண்ணன், "அண்ணி சொல்றது கரெக்ட்லா," என்றார்.

"அதுவும் போகட்டும். பினாங்குல எவ வீட்டுல பால் காய்ச்சுறா? எல்லாரு வீட்டுலயும் டின் பால்தான். ரெண்டு ஓட்டை போட்டு ஊத்துறோம். அது எங்க பொங்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். உண்மை அதுதான். எங்கள் ஆட்கள் நாடகம் எழுத உட்கார்ந்தால் மனசு கப்பல் ஏறி மெட்ராஸுக்குப் போய்விடும். அங்கே அடுப்பில் பால் பொங்கும், வாசலில் பால்காரன் மணி அடிப்பான், மாடு கத்தும். எழுதுகிறவர் பக்கத்தில் இருக்கும் தேநீரிலோ டின் பால். அதைக் குடித்துக்கொண்டே எழுதுவார்.

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "இது நாடகம். லாஜிக் பாக்காத. கடைசியில ஜனம் சிரிச்சிக்கிட்டே போகணும்," என்றார். அவர் காது சிவந்திருந்தது.

எனக்கு வழக்கு பாலைப் பற்றி இல்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அந்த நாள் என் நாள். நான் வீட்டுக்கு வந்தது மழையால். மழை வராமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தெரியாத இடத்தில் ஒரு பால் சட்டியைத் தூக்கி வைத்துவிட்டாரே என்றுதான் வருத்தம். ஆனால் அதை எட்டு ஆண்கள் முன்னால் சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டு டார்ச்சைப் பிடித்தேன்.

எனக்கு வேணும்

மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கோபால் போன பிறகு ராமு அண்ணன் வந்தார். பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சண்முகம், அண்ணிக்கு முழு நாடகமும் மனப்பாடம். நீ ஏன்லா ஆளத் தேடுற?"

வீட்டுக்காரர் மீதிக் கன்னத்தை மழித்தார். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். பெண்ணுக்கு ஒரு மனசு இருக்கிறது என்று மூன்று அங்கத்துக்கு எழுதியவர், தன் வீட்டுப் பெண் மேடை ஏறுவது என்றதும் ரேசரைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

ராமு அண்ணன் போன பிறகு மெதுவாகச் சொன்னார். "உனக்கு இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லிடு. நான் ராமுகிட்ட பேசிக்கிறேன்."

"எனக்கு வேணும்," என்றேன்.

கல்யாணமாகி அதற்குள் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிள்ளைக்கு வேண்டும், வீட்டுக்கு வேண்டும், உங்களுக்கு வேண்டும் என்று ஆயிரம் சொல்லியிருக்கிறேன். எனக்கு வேணும் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. அவருக்கும் அது புதிதாகக் கேட்டிருக்க வேண்டும். கையில் துண்டோடு அப்படியே நின்றார்.

"ஆபீஸ்ல எல்லாரும் வருவாங்க," என்றார்.

"வரட்டும்."

"உன் அண்ணனுங்க?"

"டிக்கெட்டு அவங்களும் வாங்கிட்டாங்க."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு அவர் பேசியது என்னைக் கரைத்துவிட்டது. "சரசு, ஆபீஸ்ல நான் நாள் முழுக்க யாரோ சொல்றத எழுதுறவன். வருஷத்துல ஒரு நாள் நான் எழுதுனதுக்கு நானூறு பேரு சிரிக்கிறாங்க. அது ஒண்ணுதான் எனக்கு. கடைசி வசனத்த மட்டும் மாத்திடாத. சிரிப்பு இல்லாம திரை விழுந்தா என்னால தாங்க முடியாது."

நான் அவருக்கு வாக்குக் கொடுத்தேன். மனசாரத்தான் கொடுத்தேன்.

மூன்று மணிக் காட்சி

அக்கரை ரப்பர் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே திரும்ப வேண்டும் என்பதால் எங்கள் நாடகம் எப்போதும் மூன்று மணிக்குத்தான். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் விட்டேன். அந்த மலாய்க்கார அம்மாவுக்கு நாடகம் என்னவென்று புரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்து, உள்ளே போய் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து குடிக்க வைத்தார்.

மண்டபத்தில் மின்விசிறிகள் சுற்றியும் வேர்த்தது. நான் சவுரியும் வைக்கவில்லை, பஞ்சு ரவிக்கையும் போடவில்லை. பாசாருக்குக் கட்டிப் போகும் சேலையைத்தான் கட்டிக்கொண்டேன். கையில் ஒரு பை. என் முக்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு, கையில் என் டார்ச். வசனம் எடுத்துக்கொடுக்க வேறு யாருக்கும் தெரியாது. அவருக்கும் அது முதல் தடவை.

நான் மேடைக்கு வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "கோபால் எங்கலா?" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கோ கூடமே கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் பத்து நிமிஷம் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை.

ஜோசியர் ஏறினார். நீ ரோகிணி நட்சத்திரம் என்றார். "அது சரி, அதுக்கு அப்பறம்?" என்று கேட்டேன். கோபால் இதைக் கண்ணைச் சுழற்றிச் சொல்லுவான். நான் பாசாரில் மீன்காரரிடம் கேட்பதுபோலக் கேட்டேன். முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் களுக்கென்று சிரித்தாள். டாக்டர் வந்தபோது நான்கைந்து பெண்கள் சிரித்தார்கள். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வந்தபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே என்னோடு சேர்ந்து, "அதுக்கு அப்பறம்?" என்றார்கள். அதன் பிறகு எனக்குக் கூடம் தெளிவாகத் தெரிந்தது.

கடைசிக் காட்சி வந்தது. ராமு அண்ணன் விசில் ஊதிக்கொண்டு ஃபெர்ரி ஆளாக வந்தார்.

"இதுதாம்மா கடைசி ஃபெர்ரி. எங்கம்மா போகணும்?"

நான் நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும். கையைத் தூக்கினேன். கை நெற்றிவரை போகவில்லை.

வசனம் மறக்கவில்லை. நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் நிஜ ஃபெர்ரியில் நிஜ ஆள் கேட்டபோது நான் எப்படிப் பதிலில்லாமல் நின்றேனோ, அதே மாதிரி நின்றேன். அவருக்குக் கொடுத்த வாக்கும் நினைவில் இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். வாய் வரவில்லை.

"ஐயையோ அடுப்புல பால்," என்று ஓரத்திலிருந்து கிசுகிசுப்பு வந்தது.

நான் அசையவில்லை.

"ஐயையோ, அடுப்புல பாலு!"

கிசுகிசுக்கத் தெரியாத மனுஷர். அதோடு நன்றி சொல்வதற்காக ஒரு மைக்கைத் திரையோரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். அது அவர் வாய்க்கு நேராக இருந்தது, அணைக்கவும் இல்லை. மண்டபம் முழுக்க 'பாலு' என்று எதிரொலித்தது. நானூறு பேரும் சிரித்தார்கள்.

எனக்கு என்ன வந்ததோ, அவர் பக்கம் திரும்பினேன்.

"என்னாங்க, நம்ம வீட்டுல டின் பால்தானே?"

பெண்கள் பக்கம் வெடித்துவிட்டது. ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினார்.

"அது எனக்குத் தெரியும்லா! நீ சொல்லு!" என்றது மைக். தன் குரல் வெளியே கேட்கிறது என்று அவருக்கு அப்போதும் தெரியவில்லை.

இது நாடகம்தான் என்று நினைத்து ஜனம் கைதட்டியது. ராமு அண்ணன் விசிலை வாயில் வைத்தபடி சிரிப்பை அடக்க முடியாமல் பின்திரையில் வரைந்திருந்த கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இருங்க," என்றேன் நான். "கொஞ்சம் யோசிச்சிக்கிறேன்."

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் நான் அதன்பின் ஒன்றும் பேசவில்லை. சும்மா நின்றேன். முதலில் முன்வரிசைப் பெண்கள் அடங்கினார்கள். பிறகு அவர்களுக்குப் பின்னால். பிறகு ஆண்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் எனக்கு அவர் ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டதே, இந்த மனுஷர் உள்ளே என்ன பாடுபடுகிறாரோ என்று நினைத்தேன். சொல்லிவிடலாம், பால்தானே, சொல்லித் தொலைப்போம் என்று மூச்சை இழுத்தேன்.

அப்போது மைக்கில் அவர் குரல் வந்தது. இந்தத் தடவை மெதுவாக.

"அவசரமில்ல, சரசு. யோசி."

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. நடிப்பு என்று நினைத்தவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு ராமு அண்ணனைப் பார்த்துக் கேட்டேன்.

"காலையில மொத ஃபெர்ரி எத்தன மணிக்கு?"

அவருக்கு எந்த வசனமும் எழுதிக்கொடுக்கப்படவில்லை. வாயைப் பிளந்து நின்றார். திரை விழுந்தது.

சிரிப்பு இல்லை. பிறகு கைதட்டல் வந்தது, மழை தகரத்தில் விழ ஆரம்பிக்கிற மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கி.

பஸ்ஸில்

ஃபெர்ரி ஜெட்டியில் பஸ் ஏறும்போது ஆறு மணி இருக்கும். ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார். மடியில் நோட்டை வைத்துக்கொண்டு முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் கேம்பல் ஸ்ட்ரீட்டைத் தாண்டியது.

"கோவமா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"வாக்குக் குடுத்துட்டு மீறிட்டேன்."

"ம்."

"சிரிப்பு இல்லாம திரை விழுந்திருச்சு."

"மொத ஃபெர்ரி எத்தன மணிக்குன்னு எனக்குத் தெரியல," என்றார். "தெரிஞ்சிருந்தா உள்ள இருந்து ராமுவுக்கு எடுத்துக் குடுத்திருப்பேன். பாவம், முழிச்சிக்கிட்டு நின்னான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. முன்சீட்டில் இருந்த சீன அம்மா திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும், "அவ்வளவு நேரம் நின்னியே, என்ன யோசிச்ச?" என்று கேட்டார்.

பொய் சொல்லலாம். பெரிதாக ஏதாவது சொல்லலாம். அவர் நாடகக்காரர், சந்தோஷப்படுவார்.

"ஒண்ணுமே யோசிக்கல," என்றேன். "யாரும் கூப்பிடாம, யாருக்கும் ஒண்ணும் செய்யாம, சும்மா நின்னேன். அன்னைக்கு ஃபெர்ரியிலயும் அப்படித்தான். நல்லா இருந்துச்சு."

அவர் நோட்டின் ஓரத்தை மடித்தார், நிமிர்த்தினார், மறுபடி மடித்தார். நான் வேடிக்கையாகச் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்ட அந்த ஃபெர்ரிக் கதை வேடிக்கை இல்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது என நினைக்கிறேன். எனக்கு அவர்மேல் பாசமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறபோதும் அந்தப் பாசம் அப்படியே இருக்கிறது, அவர் கடைசிக் காலத்தை ஆஸ்பத்திரியும் மருந்துமாகக் கழித்து, போய்ச் சேர்ந்த பிறகும்.

எங்கள் ஸ்டாப் வந்தது. நான் எழுந்தேன். அவர் எழவில்லை.

"உக்காரு."

"ஸ்டாப்பு வந்திருச்சுங்க."

"தெரியும். உக்காரு."

"பிள்ளைங்க?"

"மக்சிக் வீட்டுலதான இருக்காங்க. சாப்பிட்டிருப்பாங்க."

உட்கார்ந்தேன். ஒருநாளும் ஒரு நிமிஷம் பிந்தி வீட்டுக்கு வராதவர் அவர். பஸ் எங்கள் அடுக்குமாடிகளைத் தாண்டி ஆயர் ஈத்தாம் பக்கம் போனது. மாடி மாடியாகத் துணி காயப்போட்டிருந்தது. அதில் ஒன்று நான் காலையில் போட்டது. இன்னும் எடுக்கவில்லையே என்று ஒரு கணம் நினைத்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

கண்டக்டருக்கு எங்களை நன்றாகத் தெரியும். தினமும் பார்க்கிறவர். டிக்கெட் புத்தகத்தை விரலால் தட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, உங்க ஸ்டாப்பு போச்சே. எங்க எறங்கப் போறீங்க?"

என் வீட்டுக்காரர் எந்தக் கேள்விக்கும் வாயில் பதில் வைத்திருப்பவர். இதற்கும் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். என் பக்கம் திரும்பி, நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.